கோடு அச்சை வெட்டும் இடம்

இரண்டு அளவுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, ஒன்று மாறும்போதெல்லாம் மற்றொன்றும் எப்போதும் ஒரே விகிதத்தில் மாறிவருமானால், அவற்றின் சம்பந்தத்தை எழுத்தாலும் எண்ணாலும் எழுதிக் காட்டுவதற்கு நேரிய சமன்பாடு என்றும், அதையே கட்டமிட்ட தாளில் கோடாக இழுத்துக் காட்டுவதற்கு வரைபடம் என்றும் கணித நூல்களில் பெயர் வழங்குகிறது. அந்தக் கோட்டை வரைவதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றுள், கோடு இரண்டு அச்சுகளையும் எங்கெங்கே வெட்டுகிறது என்று முதலில் கண்டுகொண்டு, அவ்விரு புள்ளிகளையும் அளவுகோல் வைத்து இணைத்துவிடும் வழியே மிகவும் சுருக்கமானது. ஆனால் சுருக்கமாக இருக்கும் காரணத்தினாலேயே அதற்கு ஒரு தீங்கும் நேர்ந்திருக்கிறது. தேர்வில் நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு யுக்தி என்று மாத்திரமே அது கற்பிக்கப்படுகிறது. அந்த இரண்டு புள்ளிகளும் எதைச் சொல்லுகின்றன என்று ஒருவரும் கேட்பதில்லை. மாணவரும் கோட்டை இழுத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். வரைபடம் முழுவதிலும் அர்த்தம் செறிந்து நிற்கும் இடங்கள் அந்த இரண்டே என்பதை எடுத்துச் சொல்லுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு குடும்பத்தில் அரிசிக்கும் பருப்புக்குமாக 1200 ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரிசி கிலோ 60 ரூபாய். பருப்பு கிலோ 120 ரூபாய். வாங்கும் அரிசியை அ கிலோ என்றும், பருப்பைப் ப கிலோ என்றும் குறித்தால், செலவின் கணக்கு 60அ + 120ப = 1200 என்று ஆகும். இந்தச் சமன்பாட்டுக்கு விடை ஒன்றல்ல. எண்ணற்ற விடைகள் உண்டு. பத்துக் கிலோ அரிசியும் ஐந்து கிலோ பருப்பும் வாங்கலாம், பதினாறு கிலோ அரிசியும் இரண்டு கிலோ பருப்பும் வாங்கலாம், இப்படியே போகும். இவ்வளவு விடைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிக்கொண்டிருக்காமல், பருப்பே வாங்காவிட்டால் அரிசி எவ்வளவு கிடைக்கும் என்று மட்டும் கேட்போமாகில், ப என்பதன் இடத்தில் சூனியம் வந்து, 60அ = 1200 என்ற எளிய கணக்கு எஞ்சி, 20 கிலோ என்ற விடை தானாகவே கிடைத்துவிடுகிறது. அரிசியே வாங்காவிட்டால் பருப்பு எவ்வளவு என்று கேட்டால், 120ப = 1200; ஆகவே 10 கிலோ. கிடையாக வரைந்த அச்சில் அரிசியையும், செங்குத்தாக வரைந்த அச்சில் பருப்பையும் குறித்தால், முதல் விடை (20, 0) என்ற புள்ளி. இரண்டாவது விடை (0, 10) என்ற புள்ளி. இரண்டையும் இணைத்த மாத்திரத்தில், அந்தக் குடும்பம் அந்தப் பணத்தை முழுவதும் செலவிட்டு வாங்கக்கூடிய சேர்க்கைகள் யாவும் ஒரே கோட்டின்மீது வரிசையாக வந்து அமர்ந்துவிடுகின்றன. 20, 10 என்ற இவ்விரண்டு எண்களுக்கே வெட்டுத்துண்டுகள் என்று பெயர்.

இரண்டு புள்ளிகளை மாத்திரம் கண்டுவிட்டு, இடையில் உள்ளவையெல்லாம் நேர்கோட்டில்தான் இருக்கும் என்று எந்தத் தைரியத்தில் சொல்லுகிறோம் என்று கூர்மையான மாணவன் ஒருவன் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவனை ஆசிரியர் பாராட்ட வேண்டும். ஒரு கிலோ பருப்பு அதிகமாக வாங்க நினைத்தால் இரண்டு கிலோ அரிசியைக் கைவிட வேண்டியிருக்கிறது. பருப்பு முதல் கிலோவாக இருந்தாலும் ஒன்பதாவது கிலோவாக இருந்தாலும், கைவிட வேண்டிய அரிசி அதே இரண்டு கிலோதான். படிதோறும் ஏற்றமும் அகலமும் மாறாமல் இருக்கும்போது, அந்தப் படிகளின் முனைகளை இணைக்கும் கோடு வளைவதற்குக் காரணமே இல்லை; ஒவ்வொரு படியிலும் தோன்றும் சிறு முக்கோணங்கள் யாவும் ஒத்த வடிவுடையவை என்ற க்ஷேத்திர கணித உண்மையே இதற்குப் பிரமாணம். கோடு நேரானது என்று தெரிந்த பிறகு, அதை நிர்ணயிக்க இரண்டு புள்ளிகளே போதும் என்பது யூக்ளிட் காலத்திலிருந்து வரும் ஒப்புதல். ஆயினும் மூன்றாவது புள்ளி ஒன்றைக் கண்டு, அதுவும் கோட்டின்மேல் விழுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம். முன் சொன்ன (10, 5) என்ற புள்ளி அப்படியே கோட்டில் வந்து விழுவதைக் கண்டால், கணக்கில் பிசகு இல்லை என்ற நிச்சயம் உண்டாகிறது.

எண்ணின் உலகத்தையும் வடிவத்தின் உலகத்தையும் இப்படி இணைத்துவைத்த பெருமை பதினேழாம் நூற்றாண்டின் இரண்டு பிரெஞ்சுக்காரர்களைச் சேரும். ரெனே டேக்கார்ட் 1637ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து லைடன் நகரில் அச்சிட்டு வெளியிட்ட தத்துவ நூலின் அனுபந்தமாக வடிவியலைப் பற்றிய பகுதி ஒன்றைச் சேர்த்திருந்தார். அதே காலத்தில், துலூஸ் நகரின் நீதிமன்றத்தில் ஆலோசகராக இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் கணிதம் பயின்ற பியர் ஃபெர்மா என்பவரும் தனியாக அதே உண்மையைக் கண்டு, முதற்படிச் சமன்பாடு ஒவ்வொன்றும் ஒரு நேர்கோட்டையே குறிக்கும் என்று தெளிவாக எழுதிவைத்தார். அவருடைய எழுத்து அவர் மறைந்த பின் 1679ஆம் ஆண்டிலேதான் அச்சேறியது. இன்று நாம் போடுகிற குறுக்கும் நெடுக்குமான இரண்டு அச்சுகளை டேக்கார்ட்டின் நூலில் தேடினால் கிடைக்காது. ஒரு கோட்டையே ஆதாரமாக வைத்துக்கொண்டு அவர் அளந்தார். சூனியத்துக்குக் கீழான எண்களுக்கு அவருடைய படத்தில் இடம் இல்லை. இரண்டு அச்சுகளையும், அவற்றின் இருபுறங்களிலும் மிகை எண், குறை எண் இரண்டையும் தாராளமாகப் பிரயோகித்த படங்களை நியூட்டன் 1704ஆம் ஆண்டில் வெளியிட்ட வளைகோடுகளைப் பற்றிய நூலிலே காண்கிறோம். சூனியத்தையும் குறை எண்களையும் கணக்கில் கையாளும் விதிகளோ, பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டில் இயற்றிய சித்தாந்த நூலிலேயே, தனம் என்றும் ருணம் என்றும் பெயர் பெற்று, முறையாக வகுக்கப்பட்டிருந்தன.

வெட்டுத்துண்டு முறை முழுவதும் சூனியத்தின் பலத்தினால் நிற்பது. இரண்டு அறியாத அளவுகள் கலந்து நிற்கும் சமன்பாட்டில் ஒன்றைச் சூனியமாக்கிவிட்டால், மற்றொன்று மறைந்திருக்க இடமில்லாமல் வெளிப்பட்டுவிடுகிறது. 3எக்ஸ் + 4ஒய் = 24 என்றிருந்தால், ஒய் உள்ள உறுப்பை விரலால் மறைத்துக்கொண்டு பார்த்தால் 3எக்ஸ் = 24; ஆகவே எக்ஸ் 8. பிறகு எக்ஸ் உள்ள உறுப்பை மறைத்தால் 4ஒய் = 24; ஒய் 6. காகிதமும் பென்சிலும் இல்லாமலே விடை வந்துவிடுகிறது. இங்கேதான் மாணவரிடம் ஒரு தடுமாற்றம் அடிக்கடி நேர்கிறது. எக்ஸைச் சூனியமாக்கிக் கண்ட 6 என்ற எண்ணை எக்ஸ் அச்சிலேயே கொண்டுபோய்க் குறித்துவிடுகிறார்கள். சூனியமாக்கியது எக்ஸ் அல்லவா, ஆகையால் அந்த அச்சிலே குறிக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். எக்ஸ் சூனியம் என்றால், கிடை அச்சின் வழியாக ஓர் அடிகூட நகரவில்லை என்றே பொருள். நகராமல், அச்சுகள் இரண்டும் சந்திக்கும் ஆதிப்புள்ளியிலே நின்றபடி மேலேயோ கீழேயோ மாத்திரம் செல்ல முடியுமானால், போய்ச் சேரும் இடம் ஒய் அச்சின் மேல்தான் இருக்க வேண்டும். இதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்ட பிள்ளைக்கு மறுபடியும் அந்தக் குழப்பம் வருவதில்லை. குறியையும் கவனிக்க வேண்டும்: 3எக்ஸ் − 4ஒய் = 12 என்ற கோடு எக்ஸ் அச்சை 4 என்ற இடத்தில் வெட்டுகிறது; ஒய் அச்சையோ ஆதிப்புள்ளிக்குக் கீழே, −3 என்ற இடத்தில் வெட்டுகிறது.

எல்லாக் கோடுகளும் இந்த முறைக்கு இணங்கி வருமா என்றால், வாரா. ஒய் = 4 என்ற கோடு கிடை அச்சுக்கு இணையாகவே ஓடுவதால், அதை எங்கும் வெட்டுவதில்லை. எக்ஸ் = 3 என்பது செங்குத்தான நிலையச்சுக்கு இணை. 3எக்ஸ் − 2ஒய் = 0 என்பதுபோல் வலப்பக்கம் சூனியமாக இருக்கும் கோடுகள் ஆதிப்புள்ளியின் வழியாகவே செல்வதால், இரண்டு வெட்டுப் புள்ளிகளும் ஒன்றாகிவிடுகின்றன; ஒரு புள்ளியைக் கொண்டு கோடு இழுக்க முடியாதாகையால் (2, 3) போன்ற வேறொரு புள்ளியைத் தேடிக்கொள்ள வேண்டும். இவை வெளிப்படையான விலக்குகள். வெளிப்படையாகத் தெரியாத மற்றொரு சங்கடமும் உண்டு. பாடப்புத்தகங்கள் அதை அதிகமாகப் பேசுவதில்லை என்பதால் சற்று விரித்துச் சொல்லுகிறேன்.

5எக்ஸ் + 7ஒய் = 11 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இதன் வெட்டுத்துண்டுகள் 2.2 என்பதும், ஏறக்குறைய 1.57 என்பதும் ஆகும். ஓர் அலகுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து வரைந்தால், இரண்டு புள்ளிகளுக்கும் இடையே சுமார் 2.7 சென்டிமீட்டர் தூரந்தான் இருக்கும். பென்சில் முனையின் தடிப்பினாலோ கண்ணின் அசதியினாலோ அவற்றுள் ஒரு புள்ளி, கோட்டுக்குக் குறுக்காக அரை மில்லிமீட்டர் விலகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், அந்தக் கோட்டை மற்றப் புள்ளியிலிருந்து 27 சென்டிமீட்டர் தூரம் நீட்டும்போது, விலகல் 5 மில்லிமீட்டராகப் பெருகிவிடுகிறது. நெருங்கிய இரு புள்ளிகளை நம்பி நீண்ட கோடு இழுப்பதில் உள்ள அபாயம் இதுவே. இத்தகைய இடத்தில் வெட்டுத்துண்டுகளைக் கைவிட்டு, பின்னமில்லாத முழு எண்களாக வரும் புள்ளிகளைத் தேடுவதே விவேகம்: (−2, 3), (5, −2) என்ற இரண்டும் இந்தக் கோட்டின்மீது உள்ளன, அவை ஒன்றுக்கொன்று எட்டரை சென்டிமீட்டருக்கு மேல் விலகியும் இருக்கின்றன. இப்படிப்பட்ட சமன்பாடுகளுக்கு முழு எண் விடைகளை மாத்திரம் தேடிக் காணும் குட்டகம் என்ற முறையை ஆரியபடர் 499ஆம் ஆண்டிலே இயற்றிய நூலில் அமைத்து வைத்திருக்கிறார். அவர் அதைக் கோள்களின் கணக்குக்காக ஆக்கினார்.

மறுபடியும் அரிசி பருப்புக் கணக்குக்கு வருவோம். பீஜ கணிதத்தின்படி அந்தக் கோடு இருபுறமும் முடிவில்லாமல் நீளுகிறது. ஆனால் சூனியத்துக்குக் குறைந்த அரிசியை யாரும் வாங்க முடியாதாகையால், இரண்டு வெட்டுப் புள்ளிகளுக்கு இடைப்பட்ட துண்டு ஒன்றுக்குத்தான் அங்கே உயிர் உண்டு. வெட்டுத்துண்டுகள் அங்கே கோட்டை வரைய உதவுவதோடு, அதன் எல்லைகளையும் நிச்சயிக்கின்றன. பணம் 1200 ரூபாயிலிருந்து 1500 ரூபாயாக உயர்ந்தால் அவை 25, 12.5 என்று இரண்டும் ஒரே விகிதத்தில் விரிந்து, கோடு தன் சாய்வு மாறாமல் வெளிப்பக்கமாக நகருகிறது. அதற்கு மாறாக, பணம் அதே 1200 ரூபாயாக இருந்து, பருப்பின் விலை மட்டும் 150 ரூபாயாக ஏறிவிட்டால், அரிசி அச்சிலுள்ள 20 அசையாமல் நிற்க, பருப்பு அச்சிலுள்ள 10 மாத்திரம் 8 ஆகக் கீழிறங்கி, கோடு முழுவதும் அரிசி முனையைச் சுற்றிச் சாய்ந்துவிடுகிறது. வருமானம் மாறுவது ஒரு விதம், விலை மாறுவது வேறு விதம் என்று பொருளாதார நூலார் பக்கம் பக்கமாக விவரிப்பதை, இரண்டு வெட்டுப் புள்ளிகளின் நகர்வைக் கொண்டே ஒருவர் பிரத்தியட்சமாகக் கண்டுவிடலாம்.

குடும்பக் கணக்கில் வெட்டுப் புள்ளிகள் நாம் போகக்கூடிய இடங்கள். மனிதன் ஒருபோதும் போய்ச் சேர முடியாத இடத்தில் ஒரு கோடு அச்சை வெட்டிய வரலாறும் விஞ்ஞானத்தில் உண்டு. இந்த விஷயம் முழுவதிலும் என் மனத்தை மிகவும் கவர்ந்தது அதுவே. வாயுக்களைச் சூடாக்கினால் விரிகின்றன, குளிர்வித்தால் சுருங்குகின்றன. அழுத்தம் மாறாமல் வைத்திருந்தால், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏற்படும் விரிவு ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கிறது. சூனிய டிகிரி சென்டிகிரேடில் 273 மில்லிலிட்டர் இருக்கும் வாயு, 100 டிகிரியில் 373 மில்லிலிட்டர் ஆகிறது. வெப்பநிலையைக் கிடை அச்சிலும் கன அளவை நிலையச்சிலும் குறித்தால் ஒரு நேர்கோடு கிடைக்கிறது; நிலையச்சை அது வெட்டும் இடம் 273. அந்தக் கோட்டை இடப்புறமாக, குளிரின் திசையில் நீட்டிக்கொண்டே போனால், கன அளவு குறைந்து குறைந்து, −273 டிகிரியில் கோடு கிடை அச்சைத் தொடுகிறது. கன அளவு சூனியம்! அதற்குக் கீழே போனால் கன அளவு சூனியத்துக்கும் குறைந்ததாக ஆக வேண்டும், அது அசாத்தியம். ஆகவே, வெப்பத்துக்கு மேல் எல்லை எதுவாயினும், குளிருக்குக் கீழ் எல்லை ஒன்று உண்டு என்பதை, அந்தக் குளிரை ஒருவரும் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, ஒரு வெட்டுத்துண்டு அறிவித்துவிட்டது.

இதில் மேலே சொன்ன அபாயமும் கூடவே நிற்பதைப் பாருங்கள். பிரெஞ்சு விஞ்ஞானியான கே-லுசாக் 1802ஆம் ஆண்டில் அளந்தபோது, சூனிய டிகிரியில் 1000 பங்காக இருந்த வாயு, 100 டிகிரியில் 1375 பங்காக விரிவதாகக் கண்டார். அந்தக் கணக்கின்படி கோடு அச்சை வெட்டும் இடம் ஏறக்குறைய −267 ஆகிறது. சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ரெனோ என்பவர் மிகுந்த நுட்பத்தோடு அளந்து, விரிவு 1366 பங்கு சொச்சமே என்று நிலைநாட்டினார். வெட்டும் இடம் −273க்கு வந்தது. ஆயிரத்தில் எட்டு ஒன்பது பங்குப் பிசகு, கோட்டை நீட்டிய தொலைவில் ஆறு டிகிரியாகப் பெருகியிருந்தது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பட்டம் பெற்ற வில்லியம் தாம்சன் 1848ஆம் ஆண்டில் வெப்பநிலைக்கு ஒரு பரம அளவை வகுத்தபோது, அதன் அடித்தளம் இந்த இடத்துக்கே வந்து பொருந்தியது. இன்று அங்கீகரிக்கப்பட்ட எண் −273.15. உண்மையான வாயுக்கள் அவ்வளவு தூரம் கோட்டைப் பின்தொடர்வதில்லை. வழியிலேயே திரவமாக மாறிவிடுகின்றன. எல்லாவற்றிலும் பிடிவாதமான ஹீலியத்தை, டேக்கார்ட்டின் நூல் அச்சான அதே லைடன் நகரில், கமர்லிங் ஆன்னஸ் என்பவர் 1908ஆம் ஆண்டில் திரவமாக்கினார். அது கொதிப்பது −269 டிகிரியில். கோடு காட்டிய எல்லைக்கு நாலு டிகிரி அருகில் மனிதன் போய்விட்டான். பின்னர் இன்னும் மிக நெருங்கியும் போயிருக்கிறான். எல்லையை மாத்திரம் தொட்டதில்லை.

வெட்டுத்துண்டுகளையே பெயராகச் சூட்டிக்கொண்ட பொருள்களும் உலகில் இருக்கின்றன. அரிசிக் கணக்கின் சமன்பாட்டை 1200ஆல் வகுத்தால் அ/20 + ப/10 = 1 என்று ஆகி, வெட்டுத்துண்டுகள் இரண்டும் கீழெண்களாக வெளிப்படையாக வந்து நிற்கின்றன. இதற்கு வெட்டுத்துண்டு வடிவம் என்று பெயர். மூன்றாவது அச்சு ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் கோட்டுக்குப் பதிலாக ஒரு தளம் கிடைக்கிறது. கேம்பிரிட்ஜ் பேராசிரியரான மில்லர் 1839ஆம் ஆண்டில், படிகங்களின் முகங்களைக் குறிப்பதற்கு இதையே பயன்படுத்தினார். முகம் மூன்று அச்சுகளையும் வெட்டும் தூரங்களைக் கண்டு, அவற்றைத் தலைகீழாக்கி, பின்னங்களை நீக்கி வரும் மூன்று எண்களே அந்த முகத்துக்குப் பெயர். முதல் அச்சை 1 என்ற தூரத்திலும், இரண்டாவது அச்சை 2 என்ற தூரத்திலும் வெட்டி, மூன்றாவது அச்சுக்கு இணையாகச் செல்லும் முகத்துக்கு 2, 1, 0 என்று பெயர். இணையாகச் செல்லும் முகம் அச்சை வெட்டுவதே இல்லை. வெட்டும் தூரம் அனந்தம் என்று சொல்ல வேண்டியிருக்கும். தலைகீழாக்கும்போது அந்த அனந்தம் சூனியமாக மாறி, எழுதவும் கணக்கிடவும் சௌகரியமாகிவிடுகிறது. நாம் உண்ணும் உப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரிகின்ற சதுரமான முகங்களுக்கு 1, 0, 0 என்ற வகையான பெயர். கணிப்பொறிகளுக்கு வேண்டிய சிலிக்கன் தகடுகளை எந்தத் தளத்தின் வழியாக அறுக்க வேண்டும் என்று சொல்லுவதற்கும் இன்றுவரை இந்த எண்களே வழங்கி வருகின்றன.

கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் தாய் தந்தையருக்கும் ஒரு வேண்டுகோள். மாணவன் இரண்டு புள்ளிகளைக் குறித்துக் கோட்டை இழுத்து முடித்தவுடனே தாளை மூடவிடாதீர்கள். ஒவ்வொரு வெட்டுப் புள்ளியின் பக்கத்திலும், அந்த இடத்தில் சூனியமாகியிருப்பது எது, எஞ்சியிருப்பது எது, எவ்வளவு என்பதைத் தன் சொந்தச் சொற்களால் ஒரே ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். கணக்கு வெறும் எக்ஸும் ஒய்யுமாக இருந்தால், அந்த எழுத்துகளுக்குப் பின்னால் தனக்குத் தெரிந்த இரண்டு பொருள்களை அவனே வைத்துக்கொள்ளட்டும். இதற்கு ஒரு கணக்குக்கு இரண்டு நிமிஷம் அதிகமாகச் செலவாகும். அந்த இரண்டு நிமிஷத்தைத் தயவுசெய்து கொடுங்கள்.